பாதிப் பெயர்

அவள் என்னிடம் நீட்டியது மாத்திரை அட்டையின் ஒரு துண்டு. இரண்டு குமிழ்கள், இரண்டும் காலி. கத்தரிக்கோலால் நறுக்கியதில் மருந்தின் பெயரில் முன்பாதி போய்விட்டது. மிஞ்சியிருந்தது ‘பாம்’ என்று முடியும் சில ஆங்கில எழுத்துகள்தான்.

“இது எதுக்குக் குடுக்குறாங்க மிஸ்? படிச்சுச் சொல்லுங்களேன்.”

அந்த வால் எனக்குத் தெரிந்த வால். டயசெபாம், லோராசெபாம், குளோனாசெபாம் என்று உறக்கத்துக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் மாத்திரைகள் பல அப்படித்தான் முடியும். என் மகன் பிறந்த பிறகு வந்த மனச்சோர்வில் நானே சில வாரங்கள் அதில் ஒன்றை விழுங்கியிருக்கிறேன். ஆனாலும் அன்று அவளிடம், “தூக்கத்துக்கும்மா, ஒண்ணும் பயப்படாதே” என்று மட்டும் சொன்னேன். அவள் கேட்டது அதுவல்ல. தான் தூங்குவது யாருக்குத் தேவை என்பதுதான் அவள் கேள்வி. அது எனக்குப் புரிய நாளாயிற்று.

சனிக்கிழமைதோறும் எங்கள் கல்லூரியின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவிகளோடு நான் போய்வந்த இல்லம் அது. பெண் குழந்தைகளுக்கானது. கதை படிப்போம், பாட்டுக் கட்டுவோம், எழுத வராதவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தருவோம். அவளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வெளியிடச் சட்டம் அனுமதிக்காது, என் மனமும் அனுமதிக்காது. எனவே ஊரையும் ஆண்டையும் சொல்லப்போவதில்லை, சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். வயது பதினாறு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுவேலைக்கு இருந்த வீட்டில் நகை எடுத்தாள் என்பது வழக்கு. விசாரணை முடியும்வரை கூர்நோக்கு இல்லத்தில் இருக்க வேண்டும் என்று இளைஞர் நீதிக் குழுமம் அனுப்பியிருந்தது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி இத்தகைய வழக்கில் ஜாமீன்தான் விதி, அடைத்துவைப்பது விலக்கு. ஆனால் ஜாமீனில் கூட்டிப்போக ஓர் ஆள் வேண்டுமே. அவளுக்கு யாரும் வரவில்லை. ஆளில்லாத பெண்ணுக்கு விலக்கே விதியாகிவிடுகிறது.

*

அந்த இல்லத்தில் ‘சிக் ரூம்’ என்று ஓர் அறை இருந்தது. ஒரு இரும்புக் கட்டில், எடை பார்க்கும் எந்திரம், பூட்டிய பீரோ. பீரோவின் சாவி வார்டனின் இடுப்பில். மருத்துவர் வாரத்தில் ஒருநாள் வருவார். மற்ற நாட்களில் அவசரம் என்றால் தொலைபேசியில் கேட்டு மாத்திரை கொடுப்பார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பெண்கள் தட்டைக் கழுவிவிட்டு வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருத்தியும் கையை நீட்ட வேண்டும், விழுங்க வேண்டும், வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். இரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை வாங்குபவளும், வலிப்புக்கு வாங்குபவளும், “ராத்திரி கத்துறா” என்பதற்காக வாங்குபவளும் நிற்பது ஒரே வரிசை.

நான் தமிழ் இலக்கணம் நடத்துகிறவள். மாத்திரை என்றால் கண் இமைக்கும் அல்லது கை நொடிக்கும் நேரம் என்றுதான் வகுப்பில் சொல்வேன். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அந்த வரிசையில் ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் நேரமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள் “உனக்கு என்ன செய்யுது?” என்று கேட்டுப் பதில் வாங்க யாராலும் முடியாது.

அவளுக்கு அடிவயிற்றில் வலி, இரவில் உறக்கமில்லை. யாராவது பின்னாலிருந்து தொட்டால் துள்ளி விழுவாள். முன்கையில் ஏணிப்படி போல ஆறிய கீறல்கள் இருந்தன. வலிக்கு அமில மாத்திரை கொடுத்தார்கள், உறக்கத்துக்கு ‘பாம்’. கீறலுக்குக் கொடுத்தது தண்டனை: ஒரு வாரம் தொலைக்காட்சி கிடையாது. “எல்லாம் நடிப்பு மேடம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா ஓடிரலாம்னு பாக்குதுங்க” என்றார் வார்டன்.

சொன்னவர் கொடுமைக்காரர் அல்ல. ஆறு ஆண்டுகளாக ஒப்பந்தச் சம்பளத்தில் இருந்தார். இரவில் நாற்பது பெண்களுக்கு அவர் ஒருவர். “நான் மாத்திரை குடுக்காம விட்டு இந்தப் புள்ள நரம்ப அறுத்துக்கிட்டா நாளைக்கு யார் மேடம் பதில் சொல்றது? நீங்க வாரம் ரெண்டு மணி நேரம் வந்துட்டுப் போவீங்க” என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு இந்தக் கட்டுரையை எழுதினால் அது பொய்யாகிவிடும். மாத்திரையே கூடாது என்று வாதிடுவது எளிது. எனக்கு அந்த வாதம் ஒத்துவராது. ஒரு மாத்திரை என்னைக் கிணற்றடியிலிருந்து திருப்பி அழைத்து வந்திருக்கிறது.

ஆனால் எனக்கு மாத்திரை எழுதிய மருத்துவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். பால் கொடுக்கலாமா, எத்தனை நாள், நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். திடீரென்று நிறுத்தக்கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்றார். பிடிக்கவில்லை என்றால் வேறு மருத்துவரிடம் போகலாம், அந்தக் கதவு திறந்திருந்தது. அதே மாத்திரைதான், அதே ரசாயனம்தான். எனக்கு அது மருந்தாக இருந்தது. அவளுக்கு அது என்னவாக இருந்தது? ஒரு பொருள் மருந்தாவது அதற்குள் இருக்கும் ரசாயனத்தால் மட்டும்தானா? இதுதான் என் கேள்வி.

*

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்காகப் பிரித்து முடிகிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, பக்கத்திலிருந்து கொடுப்பவர். கடைசியில் வருபவரை உழைச்செல்வான் என்கிறது. பல ஆண்டுகள் இதைத் தேர்வுக்கு வரும் கேள்வியாக மட்டுமே நடத்திவந்தேன். இல்லத்துக்குப் போன பிறகு இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, பட்டியலில் முதலில் நிற்பவர் நோயுற்றவர்; மருத்துவர் அவருக்குப் பிறகுதான் வருகிறார். இரண்டு, உழைச்செல்வானும் மருத்துவத்தின் ஓர் உறுப்பு. யார் கையால் மருந்து வருகிறது என்பதும் மருந்தைச் சேர்ந்ததே.

அடைத்துவைக்கும் இடத்தில் இந்த நான்கும் குலைகின்றன. பக்கத்தில் இருப்பவரிடமே சாவியும் இருக்கிறது. மருந்து கொடுக்கும் கைதான் கதவையும் பூட்டுகிறது. தீர்ப்பவர் யாருக்குப் பதில் சொல்கிறார்? நோயாளிக்கா, அறிக்கை கேட்கும் கண்காணிப்பாளருக்கா, குழுமத்துக்கா? நோயுற்றவளோ முதலிடத்திலிருந்து கடைசிக்குப் போய்விடுகிறாள். அவள் உடம்பைப் பற்றி எல்லாரும் பேசி முடித்த பிறகு, வாயைத் திறந்து காட்டுவதற்காக மட்டும் கூப்பிடப்படுகிறாள்.

உலகம் இதை அறியாமல் இல்லை. சுதந்திரம் பறிக்கப்பட்ட சிறார்களின் பாதுகாப்புக்கான ஐக்கிய நாடுகள் விதிகள் 1990 டிசம்பரில் ஏற்கப்பட்டன. மருந்தை மருத்துவத் தேவைக்கு மட்டுமே கொடுக்க வேண்டும், முடிந்தவரை சிறாருக்கு விளக்கி ஒப்புதல் பெற வேண்டும், தண்டனையாகவோ அடக்குவதற்காகவோ உண்மையை வரவழைப்பதற்காகவோ கொடுக்கக்கூடாது என்று அவை சொல்கின்றன. முடிந்த இடத்திலெல்லாம் சிகிச்சை வெளியே உள்ள பொது மருத்துவ வசதிகள் வழியாகவே நடக்க வேண்டும், அப்போதுதான் களங்கம் ஒட்டாது என்றும் சொல்கின்றன. பெண் கைதிகளுக்கான 2010ஆம் ஆண்டின் பாங்காக் விதிகள், தன் கருப்பை வரலாற்றைச் சொல்லாமலிருக்கவும் அது தொடர்பான பரிசோதனையை மறுக்கவும் பெண்ணுக்கு உரிமை உண்டு என்கின்றன.

நம் நாட்டுச் சட்டமும் பின்தங்கிவிடவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, தனக்கு என்ன நோய், என்ன சிகிச்சை, அதன் பக்கவிளைவுகள் என்ன என்பதைத் தனக்குப் புரியும் மொழியில் அறியும் உரிமையைத் தருகிறது. அதே சட்டத்தின் 3ஆம் பிரிவில், சமூகத்தின் ஒழுக்க மதிப்பீடுகளுக்கு ஒருவர் இணங்கவில்லை என்பதை வைத்து அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக்கூடாது என்று இருக்கிறது. அந்த வாசகத்தைப் படித்தபோது வரிசையில் நின்ற முகங்கள் நினைவுக்கு வந்தன. ‘அடங்காதவள்’, ‘வாயாடி’, ‘பையன் பின்னாடி போனவள்’ என்பவை அவர்களின் கோப்புகளுக்கு வெளியே, ஆனால் அவர்களின் காதுபடச் சொல்லப்பட்ட நோய்க்குறிப்புகள்.

அட்டைத் துண்டை நீட்டி அவள் கேட்டது 22ஆம் பிரிவைத்தான். அவளுக்குப் பிரிவு எண் தெரியாது, அவ்வளவே.

*

இப்போது என் தவற்றுக்கு வருகிறேன்.

ஒரு சனிக்கிழமை ‘எனக்குப் பிடித்த வாசனை’ என்று எழுதச் சொன்னேன். எல்லாரும் மல்லிகை, மண், பிரியாணி என்று எழுதினார்கள். அவள் ‘பிடிக்காத வாசனை’ என்று தலைப்பை மாற்றி, ஒரு பெயரை எழுதி, உடனே அடித்துவிட்டாள். அது ஒரு பூசுதைலத்தின் பெயர். பிறகு தண்ணீர்த் தொட்டியடியில் என்னிடம் சொன்னாள். வேலை பார்த்த வீட்டின் பெரியவர். எத்தனை மாதம், எப்போதெல்லாம் என்று எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் அந்த வீட்டு நகையை எடுத்துக்கொண்டு ஓடியது, பஸ்ஸுக்குக்கூடக் கையில் காசில்லாததால். “யார்கிட்டயும் சொல்லிராதீங்க மிஸ். சத்தியமா?” என்றாள். நான் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து படுத்தால் உறக்கம் வரவில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. சட்டத்துக்குப் பயந்தேன் என்று சொன்னால் பாதி உண்மை. அவளுடைய வழக்கின் நிறமே இதனால் மாறிவிடும், திருட்டு வழக்கில் குற்றவாளியாக நிற்பவள் பாதிக்கப்பட்டவளாகத் தெரிவாள் என்று நம்பியதும் உண்மை. திங்கட்கிழமை காலை இல்லத்தின் ஆற்றுப்படுத்துநரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்காணிப்பாளரிடம் சொன்னார். மதியத்துக்குள் மகளிர் காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். அவளுக்கு அது தெரிந்தது அவர்களைப் பார்த்தபோதுதான்.

அடுத்து நடந்ததில் ஒவ்வொரு படியும் சட்டப்படி சரி. அரசு மருத்துவமனையில் பெண் மருத்துவர்தான் பரிசோதித்தார். இருவிரல் சோதனை நடக்கவில்லை. பெண்ணை மீண்டும் வதைக்கும் சோதனை அது, இனி யாரும் செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் திட்டவட்டமாகச் சொல்லியிருக்கிறது. ஒப்புதல் படிவம் இருந்தது; அதில் பாதுகாவலர் என்ற இடத்தில் கண்காணிப்பாளர் கையெழுத்திட்டார். சட்டம் சரியாக இருந்தது, ஆனால் அவள் நடுங்கிக்கொண்டே இருந்தாள். திரும்பி வந்த இரவு கத்தினாள், சுவரில் தலையை மோதினாள். மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. நானே அவள் இருந்த அறைக்குப் போனேன். கனத்த இமைகளோடு படுத்திருந்தாள். “இதக் கேக்கத்தான் எழுதச் சொன்னீங்களா மிஸ்?” என்றாள். அதற்குமேல் பேசவில்லை.

*

சங்க அகப்பாடல்களில் வெறியாட்டு என்றொரு துறை உண்டு. அதைச் சிறப்பாகப் பாடிய ஒரு பெண்ணுக்கே வெறிபாடிய காமக்கண்ணியார் என்று பெயர் நிலைத்துவிட்டது. மகள் மெலிகிறாள், உண்பதில்லை, உறங்குவதில்லை. தாய் கலங்குகிறாள். வேலன் வருகிறான், கழங்கு உருட்டிப் பார்க்கிறான், முருகன் அணங்கினான் என்கிறான். களம் இழைத்து, ஆடு அறுத்து, இரவெல்லாம் ஆடுகிறார்கள். நோய் இன்னது என்று அறிந்தவள் அந்தக் களத்தின் நடுவிலேயே இருக்கிறாள். அவளை மட்டும் யாரும் கேட்பதில்லை.

மாணவிகள் இந்தப் பாடல்களைப் படித்துச் சிரிப்பார்கள். தாயின் அறியாமை, வேலனின் பித்தலாட்டம் என்று விடை எழுதுவார்கள். நானும் அப்படியே சொல்லித்தந்தேன். தாயிடம் அன்பு இல்லாமலில்லை, வேலனும் ஏமாற்றுக்காரனாக இருக்க வேண்டியதில்லை. அங்கே நிலவும் ஏற்பாடே அந்தப் பெண்ணிடம் கேட்காமல் அவளைக் குணப்படுத்த முனைவதுதான். அந்த வியாழக்கிழமை மருத்துவரும் வேலன்தான். பாவம், அவரிடம் கழங்குக்குப் பதில் ஒரு சீட்டு இருந்தது.

வெறியாட்டிலிருந்து பெண்ணை மீட்பவள் தோழி. அவள் செய்வதற்கு இலக்கணத்தில் ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயர். தலைவியின் மறைவை உரியவரிடம் உரிய நேரத்தில் வெளிப்படுத்துவது அது. மறைவை வெளியே சொல்வது எப்படி அறமாகும்? தோழி யாருக்காகச் சொல்கிறாள் என்பதில்தான் அறம் இருக்கிறது. அவள் தலைவியின் குறிப்பை அறிந்து சொல்கிறாள். சொன்ன பிறகும் தலைவியின் பக்கத்திலேயே நிற்கிறாள், விளைவில் பங்கு கொள்கிறாள். ‘நிற்றல்’ என்ற சொல்லை நான் இருபது வருடமாக விளக்கிவருகிறேன். திங்கட்கிழமை காலை சொல்லிவிட்டுப் பத்து மணி வகுப்புக்குக் கல்லூரிக்குத் திரும்பிவிட்டேன். நான் நிற்கவில்லை.

நான் சொல்லியது தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். சொல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பெரியவர் வீட்டில் அடுத்து ஒரு சிறுமி வேலைக்கு வந்திருப்பாள். தவறு அவள் முதுகுக்குப் பின்னால் சொன்னது. தொட்டியடியில் தலையாட்டாமல், “இதை என்னால மறைக்க முடியாது கண்ணு. சட்டம் விடாது, என் மனசும் விடாது. ஆனா யார்கிட்ட, எப்படி, எப்பன்னு நாம ரெண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம். போலீஸ் வரும்போது நான் பக்கத்துல இருப்பேன். டாக்டர் என்ன செய்வாங்கன்னு முன்னாடியே கேட்டுச் சொல்றேன்” என்று சொல்லியிருக்கலாம். அவள் கோபப்பட்டிருக்கலாம், அழுதிருக்கலாம். ஆனால் நடக்கப்போவது அவளுக்குத் தெரிந்திருக்கும். அவள் உடம்புக்கு நேரப்போவதை அவளுக்கு முன்பே மற்றவர்கள் அறிந்திருப்பது என்ற கொடுமையை, அந்த வீட்டுப் பெரியவருக்குப் பிறகு, நானும் ஒருமுறை செய்துவிட்டேன்.

ஒப்புதல் என்பதைப் படிவத்தில் இடும் கையெழுத்தாகவே நாம் பேசிப் பழகிவிட்டோம். பூட்டிய கதவுக்குள் இருக்கும் சிறுமியின் ஒப்புதல் ஒப்புதலே ஆகாது, ஆகவே கேட்டுப் பயனில்லை என்று சிலர் வாதிடலாம். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ‘வேண்டாம்’ என்று சொல்லும் வலிமை ஒருத்திக்கு எவ்வளவு குறைவோ, அவளிடம் கேட்க வேண்டிய கடமை அவ்வளவு அதிகம். கேட்பதால் அவள் கதவு திறந்துவிடாது. கதவுக்கு உள்ளேயும் தன் உடம்பு தன்னுடையது என்பதை அவள் மறந்துவிடாமல் இருக்கவாவது அது உதவும்.

*

ஆற்றுப்படுத்துநர் என்ற சொல் அழகான சொல். ஆற்றுதல் என்றால் தணித்தல். ஆறு என்றால் வழி; ஆற்றுப்படுத்துதல் என்றால் வழிகாட்டல். பரிசில் பெற்று வந்த பாணன் வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு வழிகாட்டுவது ஆற்றுப்படை. அவன் தானே நடந்து வந்த வழியைத்தான் காட்டுகிறான். நம் இல்லங்களில் இந்த அழகான பதவியில் இருப்பவர் எழுதும் குறிப்பு எங்கே போகிறது? குழந்தையின் கோப்புக்கு. கோப்பு குழுமத்துக்குப் போகிறது. பதினாறு வயது முடிந்தவர்மீது கொடுங்குற்ற வழக்கு என்றால், குற்றம் செய்யும் உடல், மனத் திறன் அந்தக் குழந்தைக்கு இருந்ததா என்று குழுமம் முதனிலை மதிப்பீடு செய்கிறது. பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்பதற்கு அடிப்படை அதுவே. குழந்தை உளவியல் படித்தவர் குழுமத்தில் இல்லாவிட்டால் உளவியலாளரின் உதவி கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்புதான். ஆனால் குழந்தையின் கண்ணால் பாருங்கள். “மனசுல இருக்கிறதைச் சொல்லும்மா” என்று கேட்கும் குரல் ஆற்றவும் கேட்கலாம், அளக்கவும் கேட்கலாம். எது எது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாத நிலையில் வாயை மூடிக்கொள்வதுதான் அறிவு. அந்த அறிவைத்தான் நாம் ‘ஒத்துழைக்க மறுக்கிறாள்’ என்று எழுதிவைக்கிறோம்.

இந்தக் கலப்பு புதிதல்ல. பெண்ணைக் காப்பது, குணப்படுத்துவது, அடைப்பது மூன்றையும் ஒரே கட்டடத்தில் செய்வது இந்த மண்ணில் காலனியக் காலத்துப் பழக்கம். 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம், பாலியல் தொழிலாளர் என்று பதிவு செய்யப்பட்ட பெண்களைக் கட்டாயமாகப் பரிசோதித்து ‘லாக் ஹாஸ்பிட்டல்’ எனப்பட்ட மருத்துவமனைகளில் வைத்துக்கொள்ள வழிசெய்தது. படைவீரர்களின் உடம்பைக் காக்கப் பெண்களின் உடம்பைப் பூட்டினார்கள். 1888இல் அந்தச் சட்டம் நீங்கியது. ஆனால் சிகிச்சை என்பது யாரோ ஒருவரின் பாதுகாப்புக்காக இன்னொருத்தியின் உடம்பில் செய்யப்படுவது என்ற எண்ணம் நீங்கவில்லை. குழந்தைகளுக்கென்று இந்தியாவில் முதலில் தனிச்சட்டம் கொண்டுவந்தது சென்னை மாகாணம், 1920இல். அந்தப் பெருமை நமக்கு உண்டு. அதே மாநிலத்தில்தான் 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் இருபத்தெட்டுப் பேர் தீயில் கருகினார்கள். 2022 டிசம்பர் கடைசி நாளில் செங்கல்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் பதினேழு வயதுச் சிறுவன் இறந்தான். தாக்கிய குற்றச்சாட்டில் ஊழியர்கள் கைதானார்கள். பீகாரில் முசாபர்பூர் காப்பகத்துச் சிறுமிகள், தங்களுக்கு மயக்க மருந்து கொடுக்கப்பட்டதைச் சொன்னார்கள். அந்த வழக்கில் 2020 ஜனவரியில் பத்தொன்பது பேர் குற்றவாளிகள் என்று தில்லி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வரிசையில் நின்று கேள்வி கேட்காமல் மாத்திரை விழுங்கப் பழக்கப்பட்ட பெண்ணுக்கு, எது மருந்து, எது மயக்கம் என்று எப்படித் தெரியும்? கேட்கும் பழக்கத்தை வளர்ப்பதும் பாதுகாப்புதான்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை பெரிய புரட்சிகள் அல்ல. இல்லத்துக்கு வரும் மருத்துவர் சுகாதாரத் துறைக்குப் பதில் சொல்பவராக இருக்கட்டும், கண்காணிப்பாளருக்கு அல்ல. பெண்கள் இல்லத்தில் இரவில் ஒரு செவிலியர் இருக்கட்டும். மாத்திரை பீரோவின் சாவி அவரிடமும், கதவின் சாவி வார்டனிடமும் இருக்கட்டும். இரண்டு சாவியும் ஒரே இடுப்பில் தொங்க வேண்டாம். ஆற்றுப்படுத்துபவர் வேறு, மதிப்பிடுபவர் வேறு என்று ஆகட்டும். எதை மறைவாக வைத்திருக்க முடியும், எதை முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே குழந்தையிடம் சொல்லட்டும். கையைக் கீறிக்கொண்டவளுக்குத் தண்டனை தராதிருக்கட்டும். ஒவ்வொரு மாத்திரையின் பெயரும், எதற்கு, எத்தனை நாளைக்கு என்பதும் தமிழில் எழுதிய ஒரு சீட்டு அவள் கையில் இருக்கட்டும்.

வார்டனின் கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. நாற்பது பெண்களுக்கு ஒருத்தியை நிறுத்திவிட்டு, அவரிடம் அன்பையும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவர் மாத்திரையை நம்பியது, அந்த இரவில் அவருக்குத் துணையாக வேறு எதையும் யாரும் கொடுக்காததால்.

*

அவள் அந்த இல்லத்தில் இருந்தவரை நான் போவதை நிறுத்தவில்லை. நிற்பது என்றால் என்ன என்பதைத் தாமதமாகவாவது கற்றுக்கொள்ள முயன்றேன். மூன்று சனிக்கிழமைகள் அவள் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தேன். நான்காவது சனிக்கிழமை, அனுமதி வாங்கி, மருத்துவரின் சீட்டைப் பார்த்து, ஒரு நோட்டுத்தாளில் அவள் விழுங்கும் மாத்திரைகளின் பெயர்களைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோனேன். ஒவ்வொன்றும் எதற்கு, எது திடீரென்று நிறுத்தக்கூடாதது, டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்பதையும் எழுதியிருந்தேன்.

அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்து முடித்து, “இவ்ளோ பெரிய பேரா?” என்றாள். தாளை நான்காக மடித்து வைத்துக்கொண்டாள். என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அடுத்த வியாழக்கிழமை வரிசையில் அவள் முறை வந்தபோது, கையை நீட்டுவதற்கு முன், மருத்துவரைப் பார்த்து அந்த நீளமான பெயரை முழுதாகச் சொல்லி, “இத எப்ப சார் நிறுத்துவீங்க?” என்று கேட்டிருக்கிறாள். இதை எனக்குச் சொன்னது வார்டன்தான். “வாய் கூடிப்போச்சு மேடம் அதுக்கு” என்றார். சொல்லும்போது சிரித்தார்.